அடுப்படியிலும் பணியிடத்திலும் நோன்பின் பொறுமை



அன்பான சகோதர, சகோதரிகளே! ரமலான் நெருங்கும்போது நாம் எத்தனையோ ஏற்பாடுகள் செய்கிறோம். பள்ளிவாசலுக்கு வெள்ளையடிக்கிறோம், பாய்களை உதறிக் காயவைக்கிறோம், தராவீஹ் தொழ வைக்க ஹாஃபிழ் ஒருவரை அழைக்கிறோம். நோன்புக் கஞ்சிக்கு அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம் எல்லாம் சேகரிக்கிறோம். எல்லாம் நல்ல ஏற்பாடுகள்தாம். அல்லாஹ் அவற்றுக்கு நற்கூலி தருவானாக.

ஆனால் நம் நோன்பு அதிகமாகச் சோதிக்கப்படுவது பள்ளிவாசலில் அல்ல. அங்கே நாம் அமைதியாகத்தான் இருக்கிறோம். சோதனை நடப்பது அடுப்படியிலும், நாம் வேலை பார்க்கும் கடையிலும் அலுவலகத்திலும் பட்டறையிலும்தான். அந்த இடங்களுக்கு மட்டும் நாம் எந்த ஏற்பாடும் செய்வதில்லை. "நோன்பு நேரம், கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்று ஒரு சொல்லோடு விட்டுவிடுகிறோம். அந்த ஒரு சொல் போதுமா, அது யாருக்குச் சொல்லப்பட வேண்டும் என்பதே இந்த மாதப் பாடம்.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது?

நமது பகுதியில் நோன்பு சுமார் 13 முதல் 14 மணி நேரம் நீள்கிறது. ஸஹருக்காகத் தூக்கம் பாதியில் கலைகிறது. தினமும் நான்கு வேளை தேநீர் குடித்துப் பழகியவருக்கு அது திடீரென நின்றதும் முதல் சில நாட்கள் தலைவலி வாட்டுகிறது. பிற்பகலில் தண்ணீர் குறைந்து உடல் தளர்கிறது. இவை ஈமானின் பலவீனம் அல்ல, உடலின் இயல்பு. இதை அறிந்துகொண்டால்தான் அதற்கேற்ப நடந்துகொள்ள முடியும்.

இந்தத் தளர்ச்சி உச்சத்துக்கு வருவது அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில். வேலை அதிகமாகக் குவிவதும் அதே நேரத்தில்தான். வீட்டில் ஒரு அடுப்பில் எண்ணெய் காய்கிறது, மறு அடுப்பில் பால் பொங்குகிறது. வடைக்கு அரைக்கும்போது மின்சாரம் போகிறது. சமோசா பாதி வெந்த நிலையில் கேஸ் தீர்ந்துபோகிறது. நோன்பு பிடிக்காத சின்னப் பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு அழுகிறது. கடையில் வாடிக்கையாளர் முப்பது சேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு எதையும் எடுக்காமல் போகிறார். அலுவலகத்தில் மாலை ஐந்து மணிக்குத்தான் மேலாளருக்கு அவசர அறிக்கை ஒன்று நினைவுக்கு வருகிறது.

இவற்றில் எதுவும் பெரிய துன்பம் அல்ல. எல்லாம் அன்றாடத் தொல்லைகள். ஆனால் எரிச்சலுக்கு ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரைப் போல அது மேட்டில் ஏறாது, பள்ளத்தை நோக்கியே பாயும். முதலாளி மேலாளரிடம் கத்துகிறார். மேலாளர் ஊழியரைக் கடிந்துகொள்கிறார். ஊழியர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் முகத்தைக் காட்டுகிறார். மனைவி பிள்ளையின் முதுகில் ஒன்று வைக்கிறார். பிள்ளை பூனையைத் துரத்துகிறது. யாரிடமும் திருப்பிப் பேச முடியாதவர் எவரோ அவர் தலையில்தான் அன்றைய எரிச்சல் முழுவதும் இறங்குகிறது.

ஆகவே நமக்கு எரிச்சல் வந்ததா என்று மட்டும் கேட்டுப் பயனில்லை. அது யார் மீது இறங்கியது என்றும் கேட்க வேண்டும்.

பொறுமை யாருக்கான பாடம்?

நோன்பு ஒரு கேடயம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். நோன்பாளி ஆபாசமாகவோ முட்டாள்தனமாகவோ நடக்கக் கூடாது, யாராவது ஏசினாலும் சண்டைக்கு வந்தாலும் தான் நோன்பாளி என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது புகாரியில் வரும் ஹதீஸின் கருத்து. பொய்யான பேச்சையும் அதன்படி நடப்பதையும் விடாதவர் உணவையும் பானத்தையும் விடுவதில் அல்லாஹ்வுக்குத் தேவை ஏதும் இல்லை என்றும் எச்சரித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "நான் நோன்பாளி" என்ற சொல் நம் நாவுக்கு நாமே போட்டுக்கொள்ளும் கடிவாளம். நம்மில் சிலர் அதையே சாட்டையாக ஆக்கிவிடுகிறோம். "நோன்பு வைத்திருக்கிறவனிடம் இப்படியா பேசுவது?" என்று அதே சொல்லைக் கொண்டு பிறரை அடக்குகிறோம். நோன்பாளி என்பதால் மற்றவர் நமக்குப் பணிய வேண்டும் என்று மார்க்கம் சொல்லவில்லை. நாம் நம்மை அடக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. பொறுமையை நாம் பெரும்பாலும் சுமை சுமப்பவருக்கே உபதேசிக்கிறோம். அடுப்படியில் நிற்கும் பெண்ணிடம் பொறுமை வேண்டும் என்கிறோம், கடையில் நிற்கும் பையனிடமும் அதையே சொல்கிறோம். ஆனால் சுமை ஏற்றுபவருக்கும் மார்க்கம் பாடம் வைத்திருக்கிறது. பணியாளர்கள் நம் சகோதரர்கள், நாம் உண்பதிலிருந்து அவர்களுக்கு உண்ணக் கொடுக்க வேண்டும், தாங்க முடியாத வேலையை அவர்கள் மேல் சுமத்தக் கூடாது, அப்படிச் சுமத்தினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற ஹதீஸ்.

சுமப்பவர் தாங்கிக்கொள்வது பொறுமையின் ஒரு பாதி. சுமையைக் குறைக்க மற்றவர் கை நீட்டுவது மறு பாதி. இந்த மறு பாதியைத்தான் நாம் மறந்திருக்கிறோம்.

நபி (ஸல்) அவர்களின் வீட்டிலிருந்து ஐந்து படிப்பினைகள்

1. உடைந்த பாத்திரம். நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரில் ஒருவரின் வீட்டில் இருந்தபோது, மற்றொரு மனைவி பணியாளர் மூலம் ஒரு பாத்திரத்தில் உணவு அனுப்பினார்கள். வீட்டில் இருந்த மனைவிக்கு ரோஷம் வந்து, கொண்டுவந்தவரின் கையைத் தட்டிவிட்டார்கள். பாத்திரம் விழுந்து உடைந்தது. நபியவர்கள் கூச்சலிடவில்லை. உடைந்த துண்டுகளைச் சேர்த்தார்கள், சிந்திய உணவையும் எடுத்து வைத்தார்கள். உங்கள் அன்னை ரோஷப்பட்டுவிட்டார் என்ற கருத்தில் மட்டும் அங்கிருந்தவர்களிடம் சொன்னார்கள். பிறகு அந்த வீட்டிலிருந்தே நல்ல பாத்திரம் ஒன்றை வாங்கி, பாத்திரத்தை இழந்தவருக்கு அனுப்பிவைத்தார்கள். உடைந்ததை உடைத்தவர் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சிறு சம்பவத்தில் எவ்வளவு பாடம்! கோபத்தின் காரணத்தைப் புரிந்துகொண்டார்கள். ஆட்கள் முன்னால் மனைவியை அவமானப்படுத்தவில்லை. தாமே குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார்கள். அதே சமயம், நஷ்டம் குற்றமற்றவர் தலையில் விழவும் விடவில்லை. மன்னிப்பும் நீதியும் ஒரே நேரத்தில் நடந்தன. நம் வீட்டில் ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்தால் நாம் என்ன செய்கிறோம் என்று யோசித்துப் பார்ப்போம்.

2. குறை சொல்லாத நாவு. நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. நோன்பு நாளில் இதற்குத் தனி அர்த்தம் உண்டு. சமைப்பவர் உப்புப் பார்க்காமல் சமைக்கிறார். தேவை ஏற்பட்டால் நாக்கு நுனியில் சுவைத்து, விழுங்காமல் துப்பிவிடலாம் என்று அறிஞர்கள் அனுமதித்திருந்தும், பேணுதலுக்காகப் பலர் அதையும் செய்வதில்லை. கண் அளவிலும் கை அளவிலும் சமைத்த குழம்பு அது. அதை வாயில் வைத்ததும் "உப்பே இல்லையே" என்று முகம் சுளிப்பது நியாயமா? உப்புச் செப்பைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டால் காரியம் முடிந்தது.

3. வீட்டு வேலை செய்த கரங்கள். நபியவர்கள் வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழச் செல்வார்கள் என்று அன்னையவர்கள் பதில் சொன்னார்கள். உம்மத்தின் பொறுப்பு முழுவதையும் சுமந்தவர்களுக்கு வீட்டு வேலைக்கு நேரம் இருந்தது. நமக்கு இல்லை என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

4. திரிகை பிடித்த கை. ஃபாத்திமா (ரலி) அவர்கள் திரிகையில் மாவரைத்து அரைத்துக் கை காய்ப்புக் காய்த்து, ஒரு பணியாளர் வேண்டும் என்று தந்தையிடம் கேட்க வந்தார்கள். நபியவர்கள் வீட்டில் இல்லை. விஷயம் தெரிந்ததும் அன்றிரவே மகளின் வீட்டுக்குத் தாமே சென்றார்கள். அருகில் அமர்ந்து, உறங்கும் முன் சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்து லில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 முறை ஓதச் சொல்லி, அது பணியாளரைவிடச் சிறந்தது என்றார்கள். களைப்பைச் சொன்னதற்காக மகளைக் கடிந்துகொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் கேட்டார்கள், தேடிச் சென்றார்கள், பக்கத்தில் அமர்ந்தார்கள். பிறகே திக்ரைக் கற்பித்தார்கள். நம் வீட்டில் ஒரு பெண் "முடியவில்லை" என்று சொன்னால், உபதேசத்துக்கு முன்னால் நாமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

5. அடுப்பின் வெப்பத்தைத் தாங்கியவர். பணியாளர் உணவு கொண்டுவந்தால் அவரையும் உடன் உட்காரவைக்க வேண்டும், முடியாவிட்டால் ஒரு கவளமோ இரு கவளமோ எடுத்துக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் சமைத்த வெப்பத்தையும் சிரமத்தையும் தாங்கியவர் அவர்தான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். பணியாளருக்கே இந்த உரிமை என்றால், நம் தாய்க்கும் மனைவிக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் எவ்வளவு உரிமை இருக்க வேண்டும்? ஆனால் பல வீடுகளில் பாங்கு சொல்லும்போது எல்லோரும் சுப்ரா விரிப்பில் அமர்ந்திருக்க, சமைத்தவர் மட்டும் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் பேரீச்சம்பழமுமாக அடுப்படியில் நிற்கிறார்.

அடுப்படிக்கு நாம் செய்யும் ஏற்பாடு

பாங்குக்குப் பத்து நிமிடம் முன்னால் அடுப்பு அணைய வேண்டும். இதை இந்த ரமலானில் நம் வீட்டுச் சட்டமாக ஆக்குவோம். அதற்குள் பொரியாத வடை பொரியாமலே இருக்கட்டும், மஃரிபுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நோன்பு திறக்கும் நேரம் துஆ ஏற்கப்படும் நேரம். சமைத்தவருக்கும் அந்த துஆவில் பங்கு வேண்டும். கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் அவசரப்படுவதால் ஏற்படும் தீக்காயங்களும் குறையும்.

பதார்த்தங்களைக் குறைப்போம். நபி (ஸல்) அவர்கள் கனிந்த பேரீச்சம்பழம், அது இல்லையென்றால் உலர்ந்தது, அதுவும் இல்லையென்றால் தண்ணீர் என்று எளிமையாக நோன்பு திறந்தார்கள். நமக்குப் பள்ளிவாசல் கஞ்சி இருக்கிறது. அதோடு ஒரு பதார்த்தம், கொஞ்சம் பழம் போதாதா? உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண்விரயம் வேண்டாம் என்பது அல்அஃராஃப் அத்தியாயத்தின் கட்டளை. தினமும் ஐந்து வகை செய்து, பாதியைக் குப்பையில் கொட்டி, செய்தவரையும் களைப்பில் கிடத்துவது இரட்டை விரயம்.

வேலையைப் பெயர் சொல்லிப் பிரிப்போம். "எல்லோரும் உதவுங்கள்" என்றால் யாரும் உதவ மாட்டார்கள். தூக்குவாளி எடுத்துக்கொண்டு கஞ்சிக்குப் போவது மூத்த மகன். பழம் நறுக்குவது அத்தா. சுப்ரா விரித்துத் தண்ணீர் வைப்பது சின்னவர்கள். தராவீஹ் முடிந்து வந்ததும் பாத்திரம் கழுவுவது ஆண்களின் முறை. ஸஹருக்கு முதலில் எழுவது வாரம் ஒருவர். ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டால் தினசரி வாக்குவாதம் இல்லை.

முன்கூட்டியே தயார் செய்வோம். விடுமுறை நாளில் இஞ்சி பூண்டு விழுதை அரைத்து வைக்கலாம். சின்ன வெங்காயத்தை உரித்து வைக்கும் வேலையை இரவில் குடும்பமே உட்கார்ந்து செய்யலாம். மாற்று கேஸ் சிலிண்டருக்கு மாதத் தொடக்கத்திலேயே பதிவு செய்துவிட வேண்டும். நோன்புக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தேநீரின் எண்ணிக்கையைக் குறைத்து வந்தால் முதல் நாள் தலைவலியும் குறையும்.

விருந்து சொல்லும் முன் கேட்போம். நோன்பாளிக்கு நோன்பு திறக்க உணவளித்தால் அவருக்குச் சமமான கூலி கிடைக்கும் என்பது திர்மிதியில் வரும் நற்செய்தி. அந்த நன்மையை அள்ளும் ஆசையில் நண்பர்கள் பத்துப் பேரை அழைத்துவிட்டு, மாலை நாலு மணிக்குத் தொலைபேசியில் வீட்டுக்குச் சொல்வது நல்லதல்ல. அழைப்பது நாம், வேகுவது வேறொருவர் என்று ஆகிவிடக் கூடாது.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், நோயாளிகள் ஆகியோருக்கு அல்லாஹ் சலுகை கொடுத்திருக்கிறான். அவன் நமக்கு இலகுவையே நாடுகிறான், கஷ்டத்தை நாடவில்லை. சலுகையில் இருக்கும் பெண்ணை "நோன்பு இல்லையே, எல்லா வேலையையும் நீயே பார்" என்று சொல்வது அந்தச் சலுகையின் நோக்கத்தையே கெடுப்பதாகும்.

பணியிடத்துக்கு நாம் செய்யும் ஏற்பாடு

முன்பே பேசுவோம். மதிய உணவு இடைவேளை நமக்குத் தேவைப்படாது. அந்த நேரத்தில் வேலை பார்த்துவிட்டு மாலையில் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்ப முடியுமா என்று ரமலானுக்கு முன்பே மேலாளரிடம் பணிவாகக் கேட்கலாம். பெருநாள் பிறையைப் பொறுத்தது என்பதால், வரக்கூடிய இரண்டு தேதிகளையும் முன்னதாகச் சொல்லி வைப்பது நல்லது. இரவு ஒன்பது மணிக்குப் பிறை தெரிந்த பிறகு விடுப்புக் கேட்டால், நம்மால் சக ஊழியருக்கு எரிச்சல் உண்டாகும்.

கடினமான வேலையைக் காலையில் முடிப்போம். கணக்குப் பார்ப்பது, முக்கியமான பேச்சுவார்த்தை, சிக்கலான தையல் போன்றவற்றைத் தலை தெளிவாக இருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். பதில் சொல்லக் கோபம் வரும் கடிதத்துக்கும் வாட்ஸ்அப் செய்திக்கும் மஃரிபுக்கு முன் பதில் அனுப்பாமல் இருப்பதே பாதுகாப்பு.

கைமாறு செய்வோம். நாம் சீக்கிரம் கிளம்பும்போது நம் இடத்தில் நிற்பவர் பெரும்பாலும் மாற்றுமதச் சகோதரர்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அவர் ஊருக்குப் போகும் நாளில் நாம் முன்வந்து அவர் வேலையைப் பார்க்க வேண்டும். பெருநாள் பிரியாணி கொடுப்பதைவிட அது அவர் மனதில் நீண்ட நாள் நிற்கும்.

உரிமையையும் அறிவோம். பொறுமை என்றால் சட்டம் தரும் உரிமையை விட்டுவிடுவது என்று பொருள் அல்ல. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம், தொழில் நிறுவனங்களில் நான்கு தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் சம்பளத்துடன் தரச் சொல்கிறது. விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுமுறை தர வேண்டும். கடைகளில் வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை வசதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு நம் மாநிலத்தில் சட்டத் திருத்தம் வந்தது. ஜவுளிக்கடையில் நாள் முழுவதும் நிற்கும் நோன்பாளிப் பெண்ணுக்கு அந்த நாற்காலி எவ்வளவு பெரிய உதவி!

நம்மில் முதலாளிகளாக இருப்பவர்களே! பணியாளரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற ஹதீஸ் உங்களுக்கானது. சம்பளத்தையும் பெருநாள் அன்பளிப்பையும் கடைசி இரவு வரை இழுக்காமல், அவர்கள் வீட்டுக்குத் துணி வாங்க நேரம் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். அனஸ் (ரலி) அவர்கள் பத்து ஆண்டுகள் நபியவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட "சீ" என்ற சொல்லை அவர்கள் கேட்டதில்லை. ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்ற அதட்டலும் கேட்டதில்லை. நம் கடைப் பையன் நம்மைப் பற்றி அப்படிச் சாட்சி சொல்வானா?

நம்மில் வாடிக்கையாளர்களாக இருப்பவர்களே! அதாவது, நாம் எல்லோரும். இருபத்தேழாம் கிழமைக்குப் பிறகு தையற்காரரிடம் துணியைக் கொடுத்துவிட்டு, பெருநாளுக்கு முந்திய இரவு அவர் கடை வாசலில் நின்று சத்தம் போடுவது நம் ஊர்களில் வாடிக்கையாகிவிட்டது. அவரும் நோன்பாளிதான். அவர் வீட்டிலும் பிள்ளைகள் புதுச்சட்டைக்குக் காத்திருக்கிறார்கள்.

வீடு திரும்பும் வழியில் ஒரு எச்சரிக்கை. பாங்குக்கு வீடு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் இருசக்கர வாகனத்தை விரட்ட வேண்டாம். பையில் நாலு பேரீச்சம்பழமும் ஒரு பாட்டில் தண்ணீரும் இருந்தால் சாலையோரம் நிறுத்தி நோன்பு திறக்கலாம். வீட்டில் நமக்காகக் காத்திருப்பவர்களுக்கு வடையைவிட நாம் முக்கியம்.

பெருநாள் அன்று

ஒரு மாதம் உழைத்தவருக்குப் பெருநாள் ஓய்வு நாள். ஆனால் வீட்டுப் பெண்களுக்கு அன்றுதான் வேலை அதிகம். விடியும் முன் இடியாப்பமும் வட்டலப்பமும், பகலில் பிரியாணியும் தாளிச்சாவும், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தேநீரும் என்று, புதுச்சேலை உடுத்திய சிலமணி நேரத்திலேயே மசாலாக் கறை படிந்துவிடுகிறது. பெருநாள் தொழுகைக்குப் பெண்களும் வர வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஆர்வமூட்டியிருக்கிறார்கள். அடுப்பை விட்டு அவர்கள் எழ முடிந்தால்தானே வர முடியும்?

காலை உணவை எளிதாக்கலாம். பிரியாணியை அண்ணன் தம்பி வீடுகள் சேர்ந்து ஒரே தேக்சாவில் செய்து பிரித்துக்கொள்ளலாம். அல்லது அந்த ஒரு நாள் ஆண்களே சமைக்கலாம். கல்யாண வீட்டில் தேக்சாவுக்கு முன் நிற்பவர்கள் ஆண்கள்தாமே! வீட்டு வேலைக்கு வரும் சகோதரிக்கு அன்று சம்பளத்துடன் விடுமுறை கொடுப்போம். இயலாவிட்டால், வேலை தொடங்கும் முன்பே அவருக்குச் சாப்பாடு போட்டு, இரட்டைக் கூலி கொடுப்போம்.

ஹஜ்ஜுப் பெருநாளிலும் இதே நிலைதான். குர்பானி கொடுத்த கையோடு இறைச்சியையும் குடலையும் தலையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாம் திண்ணையில் அமர்ந்துவிடக் கூடாது. கழுவவும் பங்கு போடவும் உறவினருக்கும் ஏழைகளுக்கும் கொண்டு சேர்க்கவும் கைகள் வேண்டும்.

கோபம் வந்துவிட்டால்

எத்தனை ஏற்பாடு செய்தாலும் கோபம் வரத்தான் செய்யும். ஒரு மனிதர் உபதேசம் கேட்டபோது கோபப்படாதே என்று நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மல்யுத்தத்தில் வீழ்த்துபவர் வீரர் அல்லர், கோபத்தில் தம்மை அடக்குபவரே வீரர் என்றும் கற்பித்தார்கள். அதற்கு வழியும் காட்டியிருக்கிறார்கள்.

முதலில், அஊது பில்லாஹி மினஷ் ஷைத்தானிர் ரஜீம் என்று ஓத வேண்டும். அடுத்து, வாயை மூட வேண்டும். நின்றுகொண்டிருந்தால் உட்கார வேண்டும், அப்போதும் அடங்காவிட்டால் படுக்க வேண்டும். உளூச் செய்வதும் நல்லது. அடுப்படியில் இருப்பவர் முதலில் தீயை அணைத்துவிட்டு உட்காரட்டும். கடையில் இருப்பவர் ஒரு நிமிடம் பின்பக்கம் போய் முகம் கழுவி வரட்டும். அந்த ஒரு நிமிடம் அவருக்குக் கிடைக்கும்படி மற்றவர் பார்த்துக்கொள்வதும் இபாதத்துதான்.

வார்த்தை தவறிவிட்டால், தராவீஹுக்குப் போகும் முன் வீட்டிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுவோம். பிள்ளையிடம் கத்தியிருந்தால் பிள்ளையிடமும் கேட்போம். பெரியவர் சிறியவரிடம் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்து வளரும் பிள்ளை அதைத் தன் வாழ்நாள் முழுவதும் மறக்காது.

பொறுமை என்று சொல்லக் கூடாதது

இதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பாடம் அன்றாட எரிச்சலைப் பற்றியது. அடி, உதை, தொடர்ந்த மிரட்டல், சம்பளத்தைப் பறித்துக்கொள்வது, பணியிடத்தில் பாலியல் தொல்லை ஆகியவை எரிச்சல் அல்ல, அநியாயம். அவற்றைச் சகித்துக்கொள்ளும்படி எந்தப் பெண்ணிடமும் எந்தத் தொழிலாளியிடமும் பொறுமையின் பெயரால் யாரும் சொல்லக் கூடாது. அநியாயம் செய்பவரைத் தடுப்பதே அவருக்குச் செய்யும் உதவி என்பது நபிமொழியின் கருத்து. நம்பிக்கையான உறவினரிடமும் ஜமாஅத்தாரிடமும் சொல்லுங்கள். பெண்கள் 181 என்ற உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

வீட்டில் சேர்ந்து பேசுவோம்

தராவீஹ் முடிந்த ஒரு இரவில் குடும்பமாக உட்கார்ந்து இந்தக் கேள்விகளைப் பேசிப் பாருங்கள். வயதில் சிறியவர் முதலில் பதில் சொல்லட்டும்.

1. நம் வீட்டில் பாங்கு சொல்லும்போது உட்காராமல் நிற்பவர் யார்?

2. கடந்த ஒரு வாரத்தில் சாப்பாட்டைப் பற்றி நாம் சொன்ன நல்ல வார்த்தைகள் எத்தனை, குறைகள் எத்தனை?

3. வெளியில் நமக்கு ஏற்பட்ட எரிச்சல் வீட்டில் யார் மீது இறங்குகிறது?

4. நமக்காக வேலை செய்பவர்களில், இந்தப் பெருநாளுக்கு முன் நாம் கொடுக்க வேண்டிய பாக்கி யாருக்காவது இருக்கிறதா?

5. நாளை முதல் நம் ஒவ்வொருவரின் பெயரிலும் எந்த ஒரு வேலையை எழுதலாம்?

சகோதர, சகோதரிகளே! ஆல இம்ரான் அத்தியாயத்தில், செழிப்பிலும் வறுமையிலும் செலவிடுவோரையும், கோபத்தை அடக்குவோரையும், மனிதர்களை மன்னிப்போரையும் அல்லாஹ் ஒரே வரிசையில் புகழ்கிறான். நாம் ஜகாத்தும் ஃபித்ராவும் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறோம். கோபத்தை அடக்குவதற்கும் மன்னிப்பதற்கும் அதே கவனத்தைக் கொடுப்போம்.

யா அல்லாஹ்! எங்கள் நோன்பைப் பசியும் தாகமும் மட்டுமாக ஆக்கிவிடாதே. எங்களுக்காக அடுப்பின் வெப்பத்தைத் தாங்கும் கரங்களுக்கு ஆரோக்கியத்தைக் கொடு. எங்களுக்காக உழைப்பவர்களின் உரிமையை நேரத்தில் கொடுக்க எங்களுக்கு உதவி செய். எங்கள் வீடுகளிலும் பணியிடங்களிலும் அன்பையும் இரக்கத்தையும் நிலைக்கச் செய்வாயாக! ஆமீன்.